கிரவுண்ட் ரவுண்டு

1

நான் ஏழு வயதில் வேலூரில் விமானத்தில் பறந்தவன் என்று இங்கே செய்தித்தாளில் போட்டுவிட்டார்கள். படத்தோடு. பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நிற்கிறவனைப் போல விறைத்துக்கொண்டு, ஒரு மஞ்சள் நிறக் குட்டி விமானத்தின் பக்கத்தில் நிற்கிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஏலகிரிக்குப் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தவன் நான்.

வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்குள் உண்மையை நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் டேனியல். ஆம்பூர்க்காரன். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஒரு காலத்தில் இந்த ஊர் முழுக்க ஷூ கம்பெனிகள்தானாம். இப்போது மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டில் ஒன்றில் எனக்கு வேலை. மலை ஏறுகிறவர்கள் போடும் ஷூவுக்கு டிசைன் போடுகிறேன். வீட்டில் பல்பு மாற்ற ஏணி ஏறச் சொன்னால் மட்டும் மனைவி ஸ்டெல்லாவைக் கூப்பிடுவேன். அவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்களுக்கு ஒரே மகள், ரூத். பதினாலு வயது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

2

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சின்ன விமானத்தளம் இருக்கிறது. பெரிய விமானம் எதுவும் வராது. புல்வெளிதான் ஓடுதளம். இன்ஜினே இல்லாத கிளைடர்களை நீளக் கயிறு கட்டி இழுத்து, பட்டம் விடுவது போல மேலே ஏற்றிவிடுவார்கள். அது சத்தமில்லாமல் சுற்றிவிட்டுத் தானாக வந்து இறங்கும். ரூத் போன வருடம் அங்கே வேடிக்கை பார்க்கப் போனாள். பிறகு கிளைடர் தள்ளப் போனாள். இப்போது ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

இந்த நாட்டில் பதினாலு வயதானால் கிளைடரைத் தனியாகவே ஓட்டலாம். ஆம்பூரில் அந்த வயதில் ஸ்கூட்டரைத் தொட்டாலே போலீஸ் பிடிக்கும். ஒரே நிபந்தனை, அப்பா அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சம்மதக் கடிதம் என்று நாம் இரண்டு வார்த்தையில் முடிப்பதற்கு இவர்கள் கூட்ஸ் வண்டி நீளத்துக்கு ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்து முடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. கடிதம் வந்த அன்றே ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் "பார்க்கலாம்" என்றேன்.

ஆபீசில் நான் இப்படிப் பார்க்கலாம் என்றால் ஜெர்மன்காரர்கள் டைரியை எடுத்து "எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். ரூத் இங்கே பிறந்தவள்தான். ஆனாலும் ஒரு தமிழ் அப்பா பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து என்னோடு பேச்சு குறைந்தது. முன்பே கம்மிதான். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில், ஜெர்மனில் கேட்டால் தோள் குலுக்கல், அதற்கும் மேல் கேட்டால் அறைக்கதவு. எனக்கு இது ரொம்ப வலித்தது. இரண்டு வருடம் முன்பு வரை என் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்த பெண்.

ஒரு சனிக்கிழமை அவளைத் தளத்தில் விடப் போனபோது ஹெல்கா என்னைப் பிடித்துக்கொண்டார். ஹெல்கா முப்பது வருடம் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர். விமானம் ஓட்டுவார். கிளப்பின் செயலாளரும் அவர்தான். தளத்தின் ஆண்டு விழா வருகிறது, அதற்கு ஒரு மலர் போடப்போகிறேன், உன் சொந்த ஊரில் இப்படி ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

இருந்ததே என்றேன். உற்சாகத்தில் எனக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் கொட்டினேன். எங்கள் வேலூர் விமானத்தளத்தில் வருடம் ஒரு நாள் பொதுமக்களை உள்ளே விடுவார்கள், சின்ன வயதில் நானும் விமானத்தில் ஏறி உட்கார்ந்து, மைதானத்தை ஒரு ரவுண்டு அடித்திருக்கிறேன் என்று சொன்னேன். ஊரில் அதற்கு எங்கள் வீட்டில் வழங்கிய பெயர் கிரவுண்ட் ரவுண்டு. விமானம் தரையிலேயே ஓடுதளத்தின் கடைசி வரை போய்த் திரும்பி வரும். மேலே போகிற டிக்கெட் வேறு. இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? ப்ளாட்ஸ் என்றால் மைதானம். ருண்டெ என்றால் ரவுண்டு. இரண்டையும் ஒட்டினேன். "நான் ஏழு வயதில் ஒரு ப்ளாட்ஸ்ருண்டெ போயிருக்கிறேன்" என்றேன்.

ஹெல்காவின் கண் விரிந்தது. கிளைடரின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்த ரூத் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.

"நிஜமாவா அப்பா?" என்றாள். தமிழில்.

3

வேலூருக்கு வெளியே அப்துல்லாபுரத்தில் இருந்த அந்தத் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "ஏர்போர்ட் போய்ட்டு வரலாம்" என்று வேறு ஊரில் சொன்னால் யாரோ வெளிநாடு போகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சுக்கும் பயணத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, வேலியோரம் நின்று பயிற்சி விமானம் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வருவது. அவ்வளவுதான். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் பின்னால் விமானம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருக்கிறோம். வெள்ளைக்காரன் காலத்துத் தளம் என்பார்கள். ஆனால் எங்களில் ஒருவரும் அங்கிருந்து எந்த ஊருக்கும் போனதில்லை.

வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வேலி திறக்கும். குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் லாரி வைத்துக்கொண்டு வருவார்கள். பேண்டு வாத்தியம், பலூன் சுடுவது, மரப்பலகைக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர், எல்லாம் உண்டு. ஒரு விமானம் மேலே போய்க் குட்டிக்கரணம் அடிக்கும். மைக்கில் ஒருவர், அடிப்பதற்கு முன்னாலேயே "இதோ அடித்துவிட்டார்!" என்று கத்துவார். இன்னொரு விமானம் ஜவுளிக்கடை நோட்டீசை மேலிருந்து தூவும். ரோஸ் நிறக் காகிதம். துணி வாங்கும் எண்ணமே இல்லாத நாங்கள் ஆளுக்கு முப்பது நாற்பது பொறுக்குவோம்.

ஹெல்கா எழுதிய மலரை இப்போது படித்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இந்த ஊர்த் தளம் முதலில் ஆடு மேய்கிற இடமாம். ஷூ கம்பெனித் தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து, கம்பெனியிலிருந்து கொண்டு வந்த பசையை வைத்தே மரக் கிளைடர் ஒட்டினார்களாம். போர் முடிந்து கொஞ்ச காலம் இந்த நாட்டில் யாருமே பறக்கக்கூடாது என்று தடை. சும்மா இருப்பானேன் என்று ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடனமும் வைத்தார்களாம். இன்றைக்கும் விழா அன்று விமானத்திலிருந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் தூவுகிறார்கள். அங்கே நோட்டீஸ், இங்கே மிட்டாய். ஷூ செய்கிற ஊர்க்காரர்களுக்கு அண்ணாந்து பார்ப்பதில் ஏதோ ஒரு பைத்தியம் இருக்கிறது போல.

எங்களுக்கு டிக்கெட் கிடைத்த கதை இது. அப்பா ஆம்பூரில் ஒரு கம்பெனியில் தோல் வெட்டும் செக்‌ஷனில் இருந்தார். கம்பெனி விளையாட்டு விழாவில் குலுக்கல் நடந்தது. முதல் பரிசாக விமானத்தில் ஒரு ரவுண்டு, இரண்டு பேருக்கு. அப்பாவுக்கு விழுந்தது. அவர் போகவில்லை. பதினொரு வயது அக்காவையும் ஏழு வயது என்னையும் ஏற்றிவிட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். விமானம் ஓடியது, கடைசி வரை போனது, திரும்பி வந்தது. இறங்கினோம். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, "நம்மளுது கிரவுண்ட் ரவுண்டு டிக்கெட்டுடா. இவ்ளோதான். நல்லா இருந்துச்சா?" என்றார். எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான்.

4

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ரூத் என்னோடு பேச ஆரம்பித்தாள். காரில் பின்சீட்டை விட்டுவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். "அப்பா, மேல போனப்போ காது அடைச்சுதா?" என்றாள். "வேலூர் கோட்ட தெரிஞ்சுதா?" என்றாள். நான் ஏதோ குழந்தை விளையாட்டாகக் கேட்கிறாள் என்று நினைத்து, "கோட்ட எங்கம்மா தெரியும், புல்லுதான் தெரிஞ்சுது" என்றேன். அவள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் எங்கள் வீட்டில் தமிழ் சத்தம் கேட்டது. நான் எதையும் ஆராயவில்லை. நடப்பது நல்லதாக இருக்கும்போது யார் ஆராய்வார்கள்?

மலருக்கு எடுத்த என் படத்தோடு ஹெல்கா அந்தக் கதையை உள்ளூர்ச் செய்தித்தாளுக்கும் கொடுத்திருக்கிறார், அது வந்தது. ஸ்டெல்லாவின் ஜெர்மன் என்னுடையதைவிட நல்லது. படித்துவிட்டு, காபி டம்ளரை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, நீங்க எப்போ பறந்தீங்க?"

"பறக்கலையே. ப்ளாட்ஸ்ருண்டென்னுதான சொன்னேன்."

"அப்படின்னா இன்னான்னு தெரியுமா உங்களுக்கு? மேல ஏறி, தளத்த வானத்துல ஒரு சுத்து சுத்திட்டு இறங்குறது. பைலட்டுங்க பேசற வார்த்தை அது. தரையில உருட்டுறதுக்கு வேற வார்த்தை இருக்குது."

உடனே ஹெல்காவுக்குப் போன் செய்து திருத்தியிருக்கலாம். அறைக்குள் ரூத் யாரோ தோழிக்கு அந்தச் செய்தியை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "என் அப்பா" என்று அவள் ஜெர்மனில் அப்படிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கையில் எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று மாலை அவள் சம்மதக் கடிதத்தைக் கொண்டு வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, நீங்க ஏழு வயசுலயே பறந்திருக்கீங்க. தாத்தா உங்கள அனுப்புனாரு. எனக்குப் பதினாலு வயசு. நீங்க ஏன் அனுப்ப மாட்றீங்க?"

நான் பறக்கவில்லை என்று சொன்னால் இந்த மூன்று வாரமும் போச்சு. பறந்தேன் என்றால் கையெழுத்துப் போட வேண்டும். போதாததற்கு அவளே இன்னொன்றும் சொன்னாள். விழா அன்று ஹெல்கா தன்னுடைய மஞ்சள் விமானத்தில் என்னையும் அவளையும் ஏற்றிக்கொண்டு ஒரு ப்ளாட்ஸ்ருண்டெ போகப்போகிறார். வேலூர்க்காரருக்கு மரியாதை. நான் ஜெர்மனிக்கே விமானத்தில்தான் வந்தேன் என்பது உண்மை. ஆனால் அது பெரிய விமானம், நடு சீட், தூக்க மாத்திரை. ஹெல்கா பாஷையில் அது பறப்பதல்ல, பஸ்.

5

அக்காவுக்குப் போன் போட்டேன். ஆலங்காயத்தில் கணக்கு டீச்சர். ஊர்ச் செய்தி முதலில் வரும். "ஏர்போர்ட் கட்டடம் பளபளன்னு நிக்குதுடா. பிளேன் வருது வருதுன்னு வாட்ஸாப்புல வருது. நாங்களும் பாத்துக்கினே இருக்கோம்" என்றாள். நான் என் கதையைச் சொன்னேன்.

"டேய் டேனி," என்றாள். "கிரவுண்ட் ரவுண்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுடா."

"இன்னாக்கா சொல்ற?"

"நம்ம டிக்கெட்டு மேல போற டிக்கெட்டுதான். பிளேன் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி நின்னு, பைலட்டு வேகம் எடுக்கறதுக்குள்ள நீ கத்த ஆரம்பிச்சிட்ட. எறக்குங்க எறக்குங்கன்னு. அந்த ஆளு பயந்துட்டு உருட்டிக்கினே திரும்ப வந்துட்டாரு. நீ என் கையப் புடிச்சிக்கினு வுடல. நானும் எறங்கிட்டேன். வரிசையில அடுத்து நின்னவங்க ஏறிப் போய்ட்டாங்க."

"அப்போ அப்பா சொன்னது?"

"அப்பாவே உண்டாக்குன பேருடா அது. எல்லாரும் சிரிச்சாங்க இல்ல, உன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. அந்த நிமிஷத்துல வாய்க்கு வந்தத சொன்னாரு. அப்புறம் என்னைத் தனியா கூப்ட்டு, தம்பிய இத சொல்லி பேஜார் பண்ணாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. கம்பெனியில கூட கிரவுண்ட் ரவுண்டுன்னே சொல்லிட்டாரு."

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. பரிசாக விழுந்த ஒரே ஒரு நல்ல பொருளை நான் கத்திக் கெடுத்திருக்கிறேன், அவர் அதற்கு ஒரு பேர் வைத்து என் பையில் போட்டு அனுப்பியிருக்கிறார். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

"உனக்கும் போச்சே அக்கா."

"போச்சுதான். இன்னி வரைக்கும் நான் பிளேன்ல ஏறினதில்ல. பரவால்ல வுடு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் பொண்ணோட ஏறினியானா கத்தாத. நீ கத்துனா அவங்க திருப்பிடுவாங்க. எனக்குப் போன மாதிரி அதுக்கும் போய்டும்."

6

விழா அன்று நல்ல வெயில். சாசேஜ், பிளம்ஸ் கேக், பேண்டு வாத்தியம், மிட்டாய் தூவல் எல்லாம் ஆனது. ஹெல்கா மைக்கைப் பிடித்து, வேலூரின் ஏழு வயதுப் பயணி பேசுவார் என்று என்னிடம் நீட்டினார். ரூத் முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் சொல்லிவிட்டேன். என் ப்ளாட்ஸ்ருண்டெ சக்கரத்திலேயே முடிந்தது. நான் பயந்து கத்தினேன். என்னால் என் அக்காவும் பறக்கவில்லை. அப்பா எனக்காக ஒரு வார்த்தை கண்டுபிடித்தார், அதை நான் தப்பான ஜெர்மனில் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். இவ்வளவுதான். வேற்றுமை உருபு, ஆண்பால் பெண்பால் எல்லாம் தப்பாகத்தான் வந்திருக்கும். அதிலும் ஜெர்மன் மொழிக்கு மூன்று பால், எனக்கு அன்று ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

கூட்டம் சிரித்துக் கை தட்டியது. நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ரூத் போனை இறக்கிவிட்டு என்னிடம் நடந்து வந்தாள். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

"அப்பா. இன்னா இது?" என்றாள். அக்காவோடு வீடியோவில் பேசிப் பேசி வந்த இன்னா.

"சொல்லியிருக்கணும். நீ திரும்பப் பேச ஆரம்பிச்சியா, அத விட மனசு வரல."

அவள் குனிந்து என் ஷூவைப் பார்த்தாள். பிறகு, "இன்னைக்குக் கத்துவீங்களா?" என்றாள்.

"தெரியலம்மா."

"சரி. வாங்க."

ஹெல்கா ஓட்ட, நான் பக்கத்தில், ரூத் பின்னால். பெல்ட் இருக்கிறதா என்று நான்கு முறை பார்த்தேன். காதில் ஹெட்போன் மாட்டினார்கள், ஒருவர் பேசுவது மற்ற இருவருக்கும் கேட்கும். புல்லின் கடைசி வரை உருண்டு போய்த் திரும்பி நின்றது. அதுவரை எனக்குப் பழகிய பாதைதான். இன்ஜின் உறுமியது. அக்கா சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளலாம் என்று பையில் கையை விட்டேன். அதற்குள் சக்கரம் தரையை விட்டது, என் வாய் தானாகத் திறந்தது.

"எறக்குங்க! ஐயோ, எறக்குங்க!"

நல்ல தமிழ். ஆம்பூர்த் தமிழ். ஹெல்கா திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்று ரூத்தைக் கேட்டார்.

பின்னாலிருந்து என் மகள் சுத்தமான ஜெர்மனில் சொன்னாள்: "இன்னும் மேலே போகலாமா என்று கேட்கிறார்."

ஹெல்கா சந்தோஷமாக விமானத்தை இன்னும் தூக்கினார். நான் வாயை மூடிக்கொண்டேன். பின்சீட்டிலிருந்து ஒரு கை வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டது. ஒரு கட்டத்தில் கண்ணைத் திறந்தேன். எங்கள் கம்பெனிக் கூரை, தேவாலயம், ஸ்டெல்லா வேலை செய்கிற இல்லம், கீழே வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நிற்கிற கூட்டம். அழகாகத்தான் இருந்தது. அப்பா இதைத்தான் எங்களுக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறார்.

இறங்கியதும் நடுங்குகிற கையாலேயே, ரூத் நீட்டிய கடிதத்தை விமானத்தின் மூக்கு மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். என் பாஸ்போர்ட் கையெழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த நாட்டு ஆபீஸ்காரர்கள் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். அனுப்பினால் மறுபடி போடுவேன்.

அக்காவைக் கூப்பிட்டோம். ரூத் சொன்ன மொழிபெயர்ப்பைக் கேட்டு அக்கா சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். "அப்பா புத்தி அப்படியே வந்திருக்குதுடா இதுக்கு" என்றாள். ரூத் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அத்தை, எனக்கு லைசென்ஸ் வந்ததும் முதல் ரவுண்டு உங்களுக்குத்தான். நீங்க வரணும்."

"கிரவுண்ட் ரவுண்டா, மேல் ரவுண்டா?"

"மேல் ரவுண்டு, அத்தை."

"அப்போ வர்றேன்," என்றாள் அக்கா. "ஆனா உங்கப்பன ஏத்தாத."